வரிசையில் ஓர் இடம்

இஸ்லாமிய இறைப்பற்றும் கல்லூரி மாணவர்களின் நல்வாழ்வும்: வள்ளூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

 

இஸ்லாமிய இறைப்பற்றுக்கும் பல்கலைக்கழக மாணவர்களின் நல்வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வெளியூர்க்காரர்களுக்கு வள்ளூர் என்றால் மூன்று அலகுகளில் 1500 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அனல்மின் நிலையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் தலைப்பைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்றே நினைக்கிறேன். காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலைப் பாருங்கள். பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டைத் தியாகராயா கல்லூரிக்கு, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிக்கு, இன்னும் தள்ளி இராயப்பேட்டைப் புதுக்கல்லூரிக்கு. பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அவர்களில் முஸ்லிம் பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் கண்முன் வைத்துக்கொண்டுதான் பேச வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இறைப்பற்றில் ஒரு பெரிய மூதாதை உண்டு. இராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்பவர் வீட்டையும் வாழ்வையும் துறந்து வடக்கே வந்து இராயபுரத்தில் தங்கினார். 1838இல் அங்கேயே மறைந்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று தமிழ்நாடு அறிந்த அந்த ஞானியின் அடக்கத்தலம் இன்றும் வடசென்னையில்தான் இருக்கிறது. முஸ்லிம்கள் மட்டும் அவரைக் கொண்டாடவில்லை. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார். மஸ்தானின் பாடல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவை முழுக்க மகிழ்ச்சிப் பாடல்கள் அல்ல. ஏக்கம், அழுகை, தவிப்பு, தன்னையே நொந்துகொள்ளுதல் எல்லாம் அவற்றில் உண்டு. இறைப்பற்று உள்ளவன் எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருப்பான் என்று அவரைப் படித்த எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆய்வுகளின் பெயரால் சொல்லப்படுவது பல நேரங்களில் அந்தச் சிரித்த முகத்தைப் பற்றித்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எகிப்து நாட்டு உளவியலாளர் அகமது அப்தெல்-காலெக், குவைத்திலும் அலெக்சாண்ட்ரியாவிலும் பல ஆண்டுகள் மாணவர்களிடையே இதை ஆராய்ந்தவர். அவர் கையாண்ட வழி எளியது. உங்கள் இறைப்பற்று எந்த அளவு, மகிழ்ச்சி எந்த அளவு, உடல்நலம் எந்த அளவு, மனநலம் எந்த அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை மாணவர் வட்டமிட வேண்டும். இறைப்பற்றுக்கு அதிக எண் போட்டவர்கள் மகிழ்ச்சிக்கும் அதிக எண் போட்டார்கள் என்பது அவருடைய முடிவுகளில் திரும்பத் திரும்ப வந்தது. பாகிஸ்தானிலும் அல்ஜீரியாவிலும் வேறு அளவுகோல்களைக் கொண்டு செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையைத்தான் காட்டின.

திசை சரி, அளவு? அங்கேதான் நிதானம் வேண்டும். இந்த ஆய்வுகளில் கிடைக்கும் ஒட்டுறவுக் கெழு பெரும்பாலும் சிறியதாக, அதிகம் போனால் நடுத்தரமாக இருக்கிறது. கெழு 0.2 என்று வந்தால் அதை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: 0.04. அதாவது மாணவருக்கு மாணவர் மகிழ்ச்சியில் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கை இறைப்பற்றோடு தொடர்புபடுத்தலாம். மீதி தொண்ணூற்றாறு பங்கு வேறெங்கோ கிடக்கிறது: வீட்டில், வருமானத்தில், உடம்பில், நட்பில், தேர்வில். அந்த நான்கு பங்கும் பொய்யில்லை. ஆனால் அதை மேடையில் ஏற்றி, தொழுதால் கவலை தீரும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று முழங்குவது நியாயமில்லை. ஒரே நாளில் ஒரே வகுப்பறையில் நிரப்பப்பட்ட தாள்களைக் கொண்டு, தொழுகையால் மனம் தெளிந்ததா, தெளிந்த மனம் உள்ளவர் தொழப் போனாரா என்று பிரித்தறியவும் முடியாது. ஆழ்ந்த சோர்வில் இருப்பவர் முதலில் விடுவது அதிகாலை பஜ்ர் தொழுகையாக இருக்கலாம். எழுந்திருக்கவே முடியாதவர் எப்படித் தொழுவார்?

எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய ஒரு வாய்ப்பை ரமலான் தருகிறது. சந்திர நாட்காட்டியின்படி நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னதாக வந்துகொண்டே இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் சென்னையில் நோன்பின் நேரம் எப்போதும் பதின்மூன்று மணியை ஒட்டியே இருக்கும். வடக்கே போகப் போகக் கோடையில் அது மிக நீளும். பட்டினி நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சூரியன்தான், மனிதரின் விருப்பம் இல்லை. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திப் பிலிப்பே காம்பான்டே, டேவிட் யானகிசாவா-டிராட் என்ற இரு பொருளியலாளர்கள் 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோன்பு நேரம் நீண்ட ஆண்டுகளில் முஸ்லிம் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி குறைந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் அங்குள்ள முஸ்லிம்கள் தங்கள் வாழ்வில் கூடுதல் நிறைவு இருப்பதாகச் சொன்னார்கள். பசி கூடியது, வருமானம் குறைந்தது, மனம் நிறைந்தது. நோன்பு வைத்துப் பழகிய எவருக்கும் இது புதுச் செய்தி அல்ல.

ஏன் நிறைந்தது? நோன்பை ஒருவன் தனியே வைப்பதில்லை. மாலையில் பள்ளிவாசலில் அண்டா நிறையக் கஞ்சி இறங்குகிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் மணக்க மணக்கத் தெருவே தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பதை இந்த அவையில் உள்ளவர்கள் சிறுவயது முதல் பார்த்தவர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியின் நோன்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுதி உணவுக்கூடம் காலை ஏழுக்கு மேல்தான் திறக்கும். ஆகவே முதல்நாள் இரவே ஒரு பன்னும் இரண்டு வாழைப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு, விடியற்காலை நாலரை மணிக்கு, தூங்குகிறவர்களை எழுப்பாமல், கைப்பேசி வெளிச்சத்தில் ஸஹர் உணவை முடிக்கிறாள். அதே நோன்பு, அதே நோக்கம் (நிய்யத்). ஆனால் ஒன்று கூட்டத்தோடு, மற்றது தனிமையில். சில அறைகளில் இந்துத் தோழி தன் கைப்பேசியில் அலாரம் வைத்து அவளை எழுப்பிவிடுகிறாள். அந்த அலாரம் அந்த மாணவியின் மனநலத்துக்குச் செய்வதை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். இறைப்பற்று மாணவரைத் தாங்குகிறது என்றால், பெருமளவுக்கு அது மனிதர்கள் வழியாகத்தான் தாங்குகிறது. அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள், ஆனால் அந்தச் சபையில் அவர்களுக்கு நண்பர்கள் இருந்தால்தான். நண்பர் ஒருவரும் இல்லாமல் போய்வந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் நிறைவு கிட்டவில்லை. அது பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடம் எடுத்த ஆய்வு. என்றாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு இது அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தைப் பாருங்கள். ஒரு மணிக்கு வகுப்பு முடிகிறது, இரண்டு மணிக்கு ஆய்வக வகுப்பு. ஒரே வண்டியில் இரண்டு மூன்று பேராக மாணவர்கள் பள்ளிவாசலுக்கு ஓடிவருகிறார்கள். செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்து, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, ஹவுள் தொட்டியில் கைகால் கழுவி ஒளூ செய்துகொண்டு, குத்பா உரை பாதியில் இருக்கும்போது உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். தொழுகைக்கு எழும்போது இடைவெளி இல்லாமல் தோளோடு தோள் சேர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவராக இருக்கலாம், மண்ணடியில் இரும்புக்கடை வைத்திருப்பவராக இருக்கலாம். ஸலாம் கொடுத்து முடித்ததும் அவர் திரும்பி, “என்ன தம்பி, போன வாரம் காணோமே, ஊருக்குப் போயிருந்தியா?” என்று கேட்கிறார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, தான் வராவிட்டால் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று. ஐந்நூறு பேர் படிக்கும் துறையில் ஒரு வாரம் வராவிட்டால் வருகைப்பதிவு குறையும், அபராதம் கட்டச் சொல்வார்கள். ஏன் வரவில்லை என்று யார் கேட்கிறார்கள்?

அந்தக் கேள்வி பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் பெண்கள் தொழ இடம் இல்லை. இருக்கும் இடங்களிலும் பல, மாடிப்படிக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. புதுக்கோட்டையில் ஷரிபா கானம் பெண்களுக்கென ஜமாஅத் அமைத்து, பெண்களுக்கொரு பள்ளிவாசல் வேண்டும் என்று குரல் எழுப்பியபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதை நாடறியும். கல்லூரிக்குப் போகும் முஸ்லிம் பெண்களின் எண்ணிக்கை நம் கண்முன் பெருகியிருக்கிறது. மத்திய நூலகமோ காலி வகுப்பறையோ கிடைத்தால் அங்கே ஒரு துப்பட்டாவை விரித்து மதிய லுஹர் தொழுதுவிட்டு ஓடுகிறார்கள். இறைப்பற்றில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. வரிசையில் இடம்தான் இல்லை. மாணவியரின் மனநலம் பற்றி ஜமாஅத் பெரியவர்கள் கவலைப்படுவது உண்மையானால், முதல் வேலை அந்த இடத்தைத் திறந்துவிடுவது.

அடுத்து, ஒரு மாணவர் தன் மனத்தில் எந்த இறைவனைச் சுமந்து திரிகிறார் என்பது. பாலஸ்தீன உளவியலாளர் ஹிஷாம் அபூ ரையா, அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் பார்கமென்ட் முதலியோருடன் சேர்ந்து 2008இல் முஸ்லிம்களுக்கென ஓர் அளவுகோலை உருவாக்கினார். அது இறைப்பற்றை ஒற்றைப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை, ஒழுக்கம், கடமை, துன்பத்தில் இறைவனிடம் ஒதுங்குவது என்று பல கூறுகளாகப் பிரித்தது. துன்பம் வந்தபோது அல்லாஹ் என்னைத் தண்டிக்கிறான் என்று எண்ணுவதும், நம்பிக்கையோடு உள்ளுக்குள் போராடுவதும் தனித்தனிக் கூறுகள். இறைவனிடம் ஒதுங்கி ஆறுதல் தேடியவர்கள் நலமாக இருந்தார்கள். உள்ளே போராடிக்கொண்டிருந்தவர்கள் நலம் குன்றியிருந்தார்கள். இருவரும் தொழுகிறவர்கள்தான், இருவரும் நோன்பாளிகள்தான்.

மனச்சோர்வோடு வரும் ஒரு பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? “ஈமான் குறைஞ்சுபோச்சு, அதான் இப்படி. ஒழுங்கா தொழு, எல்லாம் சரியாகும்.” அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் அந்தப் பிள்ளையை ஆறுதல் தேடும் பக்கத்திலிருந்து தண்டனையை எண்ணி நடுங்கும் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஏற்கெனவே தேர்வில் தோற்றவன், இப்போது இறைவனிடமும் தோற்றவன் ஆகிறான்.

ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று சொல்பவர்களுக்கு நான் இமாம் கஸ்ஸாலியை நினைவூட்ட விரும்புகிறேன். அவர் பாக்தாத் நிழாமிய்யாவின் தலைமைப் பேராசிரியர். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கல்விக்கூடங்களில் ஒன்று அது. 1095ஆம் ஆண்டு அவருக்கு நா எழவில்லை. பாடம் நடத்த வாய் திறந்தால் சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை, செரிக்கவில்லை, உடல் நலிந்தது. மருத்துவர்கள் இது உள்ளத்திலிருந்து உடம்புக்கு வந்த நோய், உள்ளத்தின் பாரம் இறங்கினால்தான் தீரும் என்று கைவிரித்தார்கள். இத்தனையையும் கஸ்ஸாலியே தன் வாழ்க்கைக் குறிப்பில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பதவியை விட்டு, டமாஸ்கஸுக்கும் ஜெருசலேமுக்கும் போய்த் தனித்திருந்து, ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்துத்தான் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கினார். கஸ்ஸாலிக்கு ஈமான் குறைவு என்று சொல்ல எந்த ஹழ்ரத் முன்வருவார்? யூசுபைப் பிரிந்த துயரில் நபி யஃகூப் அழுது அழுது கண் மங்கியதைக் குர்ஆன் சொல்கிறது. கதீஜா அம்மையாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டை நாம் துக்க ஆண்டு என்றே பெயரிட்டு நினைவில் வைத்திருக்கிறோம். துயரத்தைப் பாவமாகப் பார்க்கும் வழக்கம் நம் மார்க்கத்தில் இல்லை. அது இடையில் நாம் சேர்த்துக்கொண்டது.

கஸ்ஸாலிக்கும் முன்பே, 934இல் மறைந்த அபூஸைது அல்பல்கி உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சம், சோர்வு, கோபம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் எப்படி ஆற்றுவது என்று மருத்துவராக நின்று பேசினார். அந்த மரபுக்கு உரியவர்கள்தாம் நாம். ஆனால் அதை மறந்ததற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்ட நிலையிலேயே தீயில் மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். அதன் பிறகுதான், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்க வழிசெய்யும் ‘தவா துஆ’ திட்டம் ஏர்வாடிக்கு வந்தது. மருந்தும் வேண்டுதலும் அருகருகே. துஆ செய்துவிட்டு மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம் என்பதை ஒரு தர்காவில் ஏற்றுக்கொண்ட நாம், கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

இந்த ஊரில் நின்றுகொண்டு மற்றொன்றையும் பேசாமல் விடமுடியாது. எட் டீனரும் அவருடைய சகாக்களும் 2011இல் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். வாழ்க்கை கடினமாக உள்ள இடங்களில் இறைப்பற்று மனிதருக்குக் கூடுதலாக உதவுகிறது, வசதியும் பாதுகாப்பும் உள்ள இடங்களில் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது என்று கண்டார்கள். வடசென்னையின் பக்கம் அதைத் திருப்பிப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் பிள்ளைகள் பருவத்தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஸபுர் என்னும் பொறுமை அவர்களைத் தாங்குகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலை ஸபுர் கொண்டு வாரமுடியாது. மக்களின் பொறுமை அதிகாரிகளுக்கு அவகாசமாகிவிடக் கூடாது.

படிப்புக்கான கதவும் பொறுமையால் மட்டும் திறந்துவிடாது. உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 2020-21இல் முஸ்லிம் மாணவர் சேர்க்கை முந்தைய ஆண்டைவிட 8 சதவீதம் குறைந்தது. ஏறத்தாழ 1.8 லட்சம் பேர். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு கர்நாடகத்தில் முக்காடு போட்ட மாணவிகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். தன் மார்க்கத்தோடு உள்ளே வரலாம் என்று ஒரு கல்லூரி சொல்லும்போது அந்த மார்க்கம் மாணவிக்குப் பலம். வாசலில் நிறுத்தும்போது அதே மார்க்கம் அவளுக்குத் தினசரிப் போராட்டமாகிறது. தமிழ்நாட்டில் அந்த நிலை வரவில்லை. வராமல் காப்பது இந்த அவையில் உள்ள எல்லா மதத்தினரின் கடமை.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். கல்லூரி நிர்வாகத்தார் வெள்ளிக்கிழமை மதிய ஆய்வக வகுப்பை அரைமணி தள்ளி வையுங்கள். பணம் செலவில்லாத உதவி அது. விடுதிக் காப்பாளர்கள் நோன்பு மாதத்தில் ஒரு சமையலாளரை விடியற்காலைக்கு மாற்றிக்கொடுங்கள். 2025இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கியது, நோன்பு அதற்கு முதல்நாள் தொடங்கியிருந்தது. இனிவரும் சில ஆண்டுகளிலும் நோன்பு படிப்புக் காலத்திலேயே வரும். ஜமாஅத் தலைவர்கள் வெளியூரிலிருந்து வந்து உங்கள் மஹல்லாவில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பெண்களுக்கு இடம் திறந்துவிடுங்கள். இமாம்கள் ஆண்டுக்கு ஒரு குத்பாவையாவது மனச்சோர்வைப் பற்றி, கஸ்ஸாலியைச் சான்று காட்டிப் பேசுங்கள். நூறு மாணவர்களுக்குக் குறையாமல் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று உத்தரவிட்டது. நம் வட்டாரக் கல்லூரிகளில் அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பெற்றோர்கள் போய்க் கேளுங்கள்.

பள்ளிவாசல்களில் தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி வையுங்கள்: 14416. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.